சொல்லிவிட்டுத் தொடுகிற குரல்

நகங்கள் வெட்டப்பட்டிருந்தன.

பெரியவரின் இடது கை போர்வைக்கு வெளியே, உள்ளங்கை மேல்நோக்கி விரிந்து கிடந்தது. வெந்நீர்க் கிண்ணத்தோடு அறைக்குள் வந்த சிஸ்டர் கட்டிலருகே நின்றுவிட்டாள். ஒரு வாரமாக வெட்ட வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்ட நகங்கள் அவை. இப்போது ஐந்தும் ஒட்ட வெட்டப்பட்டு, ஓரங்கள் உரசி மழுங்கடிக்கப்பட்டிருந்தன. கட்டைவிரல் நகம் மட்டும் நேர்கோடாக, மூலைகள் விடப்பட்டு இருந்தது. செவிலியர் பயிற்சிப் பள்ளியில் அப்படித்தான் வெட்டக் கற்றுக்கொடுப்பார்கள்; வீட்டில் இருப்பவர்கள் யாரும் அப்படி வெட்டுவதில்லை.

நேற்று இரவு கிளம்பும்போது அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்து, போர்வை ஓரத்தை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிவிட்டுத்தான் போயிருந்தாள். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

சமையலறையில் மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஐயாவுக்கு நகம் வெட்டினீங்களா?"

"நானா? எனக்கு என் நகத்தை வெட்டவே நேரமில்ல. இதுல அவருக்கு வேறயா!"

"சார் வெட்டியிருப்பாரோ?"

"உங்க சாரா?" மருமகள் சிரித்தாள். "அவரு அப்பா ரூம் வாசல்ல நின்னு எட்டிப் பார்க்கறதோட சரி. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கற பாம்பைப் பார்க்கற மாதிரி. நீங்களே வெட்டிட்டு மறந்திருப்பீங்க சிஸ்டர். தூக்கம் கெட்டா அப்படித்தான். நான் ஒருநாள் அடுப்பை அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பி ஓடி வந்தேன். வந்து பார்த்தா அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல."

சிஸ்டரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அன்று மதியத்தை ஓட்டிவிட முடிந்தது. ஆனால் குப்பைக்கூடையைக் காலி செய்யும்போது, சிறிதாக மடித்த ஒரு துணிக்கட்டு கையில் பட்டது. பிரித்துப் பார்த்தாள். உள்ளே நகத்துண்டுகள். மூன்றாக மடித்து, நுனியை உள்ளே சொருகிய மடிப்பு. அவள் மடிக்கும் விதம்.

*

பெரியவர் ஒரு காலத்தில் கால்பந்து நடுவராக இருந்தவர். கூடத்துச் சுவரில் இருந்த படத்தில், இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையே, விசிலை வாயில் கவ்வி, இடது உள்ளங்கையை முகத்துக்கு நேராக உயர்த்தி நின்றார். மூளையில் ஏற்பட்ட அடைப்பு வலப்பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டது. பேச்சையும், விழுங்கும் சக்தியையும் கூடவே கொண்டுபோயிற்று. உணவும் மருந்தும் மூக்கு வழியாகச் செருகிய குழாயில்தான் இறங்கின. எஞ்சியது இடது கை ஒன்று. அந்தக் கைக்குத் தெரிந்ததும் ஒன்றே: முகத்துக்கு நேராக உயர்ந்து, உள்ளங்கை காட்டி, நிறுத்து என்பது.

அந்தி சாயும் வேளையில் அவர் ஒலி எழுப்பத் தொடங்குவார். அழுகை என்றும் சொல்ல முடியாது, முனகல் என்றும் சொல்ல முடியாது. தொண்டைக்குள்ளிருந்து மெல்லியதாகக் கிளம்பி, நீண்டு, கூர்மையாகி, சுவர் தாண்டிப் போகும் ஓர் ஊளை. சுவருக்கு அப்பால் மகன் கணினி முன் அமர்ந்து, கடல் கடந்த மேலதிகாரிகளோடு பேசும் வேளையும் அதுவே.

"அப்பா ஆட்டத்தை இன்னும் முடிக்கல சிஸ்டர், விசில் ஊதிக்கிட்டே இருக்காரு" என்று முதல் நாள் அவன் சொன்னது வேடிக்கையாக இருந்தது. மூன்றாம் நாள் அவன் கதவோரம் நின்று கைகூப்பியபோது வேடிக்கை போய்விட்டது. "தூக்க மருந்து இருக்குல்ல, அதைக் கொஞ்சம் கூடக் குடுத்துடுங்களேன். என் வேலையே போயிடும் போல இருக்கு."

மருத்துவர் எழுதியிருந்தது அரை அளவு. அதுவும் தேவைப்பட்டால் மட்டும். அதற்கு மேல் போனால் இந்த உடம்பின் மூச்சு தளரும், நின்றும் போகலாம் என்று சிஸ்டருக்குத் தெரியும். தெரிந்தும், அன்று முழு அளவைக் குழாயில் செலுத்தினாள். கை உயர்ந்தது. அதைப் பிடித்து இறக்கி, போர்வைக்குள் வைத்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள். "கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றாள்.

"அப்பாவுக்குப் பிடிக்கலையோ?" என்று மகன் தயங்கினான்.

"வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லலையே சார்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதன் பிறகு ஒவ்வோர் அந்தியிலும் முழு அளவுதான்.

அவள் எப்போதும் இப்படி இருந்தவள் அல்ல. தொடுவதற்கு முன் சொல், சொன்ன பின் காத்திரு என்பதுதான் பயிற்சிப் பள்ளியில் அவள் கற்ற முதல் பாடம். ஐயா, இப்போ உங்களை இடது பக்கமாகத் திருப்பப் போறேன், சரியா? ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருக்க வேண்டும். நினைவில்லாதவருக்கும் சொல்ல வேண்டும். அவருக்குக் கேட்கலாம் என்பதற்காக மட்டும் அல்ல, அந்த உடம்பு அவருடையது என்பதற்காக. உடன் படித்தவர்கள் எல்லோரிலும் அவள்தான் இதை விடாமல் செய்தாள். உணர்விழந்து கிடப்பவர்களிடம் ஓயாமல் பேசிக்கொண்டே வேலை செய்ததால், தோழிகள் அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டம் வைத்திருந்தார்கள். "போட்டுட்டாங்கடி ரேடியோவை" என்பார்கள்.

ரேடியோ ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதலில் காத்திருப்பது போயிற்று. அடுத்து, சரியா என்ற கேள்வி போயிற்று. சொல்வதும் வெறும் முணுமுணுப்பாகத் தேய்ந்தது. இந்த வீட்டுக்கு வந்தபோது கைகள் மட்டுமே மிச்சம் இருந்தன. வேகமான, சுத்தமான, வாய் பேசாத கைகள்.

*

குழந்தை தொட்டிலில் கிடந்த காலத்தில் வாங்கிய, ஓர் அறையின் சத்தத்தை வேறோர் அறையில் கேட்கவைக்கும் பேபி மானிட்டர் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. ஒரு பகுதி பெரியவரின் தலைமாட்டில். மற்றொன்று சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில். அவர் மூச்சு அதில் எப்போதும் இரைந்துகொண்டிருக்கும். அடுத்த நாள் மதியத்துக்கு மேல், மருமகள் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருந்தாள். சிஸ்டர் குழாய் உணவுக்கான மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி கிண்ணத்தில் மோதும் ஒலி, குளிர்பதனப் பெட்டியின் உறுமல், அதற்கடியில் மானிட்டர் வழியாக வந்த மூச்சின் சீரான இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல்.

"ஐயா, இப்போ உங்க தலையணையைச் சரி பண்ணப் போறேன். சரியா?"

கரண்டி நின்றது.

மானிட்டரில் ஒரு மூச்சு இழுபட்டு அடங்கியது. அதற்குப் பிறகே துணி உரசும் சத்தம் கேட்டது.

கேட்ட விதத்தில் குரலில் பயமுறுத்த ஒன்றும் இல்லை. இளமையான, மரியாதையான குரல். அவசரமே இல்லாதது. அந்த அவசரமின்மைதான் அவள் முதுகுத்தண்டில் குளிர்ந்த விரல் போல ஊர்ந்தது. கூடத்தைக் கடந்து ஓடினாள். மகனின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவன் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். பெரியவரின் அறையில் வேறு யாரும் இல்லை. சன்னல் கொக்கி மாட்டியே இருந்தது. தலையணை, கழுத்தின் வளைவுக்குக் கீழே, நடுவில் லேசாக அமுக்கி வைக்கப்பட்டிருந்தது. காலையிலிருந்து சரிந்தே கிடந்த தலையணை அது.

பெரியவர் ஊளையிடவில்லை. கண்கள் திறந்திருந்தன. இடது கை நெஞ்சின் மேல் அமைதியாகப் படுத்திருந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தக் கை இவ்வளவு ஓய்வாக இருந்து அவள் பார்த்ததில்லை.

அவளைக் கண்டதும் அது எழுந்தது. உள்ளங்கை. நிறுத்து.

பக்கத்து வீட்டிலும் யாரோ படுக்கையில் இருக்கலாம். அங்கேயும் இதே மாதிரி ஒரு கருவி இருக்கலாம். அலைகள் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம். தலையணையை அவளேகூடச் சரி செய்திருக்கலாம். நகத்தை வெட்டி மறந்தவள்தானே. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்து, அவள் கிட்டத்தட்டக் கத்திவிட்டாள். அவளை இங்கே வேலைக்கு அனுப்பிய இடத்து மூத்த சிஸ்டர்.

"என்னம்மா, எப்படி இருக்காரு உன் பேஷண்ட்?"

"நல்லா இருக்காருக்கா."

"தூக்க மருந்து?"

"எழுதியிருக்கற மாதிரிதான்க்கா. அரை அளவு."

"வீட்டுக்காரங்க கேட்டாங்கன்னு கூட்டிக் குறைச்சுடாதே. மாத்தணும்னா டாக்டர்தான் மாத்தணும். அவங்க நம்மள நம்பி ஒரு உசுரை விட்டுருக்காங்க, ஞாபகம் இருக்கட்டும். ஆமா, பக்கத்துல யாரு பேசறது?"

"யாரும் இல்லையேக்கா."

"இல்ல, ஒரு பொண்ணு குரல் கேக்குதே. யார்கிட்டயோ சரியா, சரியான்னு கேட்டுக்கிட்டு இருக்கா." மூத்த சிஸ்டர் சிரித்தாள். "அசப்புல உன் குரல் மாதிரியே இருக்கு. நீ முன்னாடி பேசுவியே, அந்த மாதிரி."

சிஸ்டர் கைப்பேசியைக் காதிலிருந்து மெல்ல எடுத்தாள். அறை நிசப்தமாக இருந்தது. பெரியவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால், ஓர் ஆள் உயரத்தில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். போய்விடலாம் என்று தோன்றியது. செருப்பு வாசலில் இருந்தது. ஆனால் மருமகள் வரும்வரை நோயாளியைத் தனியே விட்டுப் போகக் கூடாது. எத்தனையோ விதிகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டவளை இந்த ஒரு விதி மட்டும் அங்கேயே கட்டிப்போட்டது.

*

மருமகள் கைப்பேசியில் அழைத்து, குழந்தையோடு தன் அம்மா வீட்டுக்குப் போவதாகவும் வரத் தாமதமாகும் என்றும் சொன்னாள். சன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பல் நிறமாக மாறியது. சரியாக அந்த வேளையில் ஊளை தொடங்கியது.

இன்று வேறு மாதிரி இருந்தது. நீளவில்லை. விட்டு விட்டு, அவசர அவசரமாக, தவறான ஆட்டத்தைக் கண்ட நடுவரின் விசில் போல.

மகன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது. "சிஸ்டர், இன்னைக்குத்தான் முக்கியமான மீட்டிங். என்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. நேத்து குடுத்தீங்கல்ல, அதுல ரெண்டு மடங்கு குடுங்க. ஒரே ஒரு நாள்."

"சார், அது... மூச்சு நின்னுடும் சார்."

"நீங்க பக்கத்துலயே இருக்கீங்கள்ல? பார்த்துக்க மாட்டீங்களா? ப்ளீஸ் சிஸ்டர்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கு வரை வந்ததாகக்கூட அவளுக்குப் பட்டது. ஆனால் அந்த அறையில் இன்னும் ஓர் அந்தி முழுவதும் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டு, அந்தக் கண்கள் தன் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் தூங்கிவிட்டால் அந்தக் கண்களும் மூடிவிடும். இது மகனுக்காக மட்டும் அல்ல என்பது அவளுக்குத் தெரியும். தலையசைத்தாள்.

மருந்துப்புட்டியின் மூடியைத் திறந்ததும் ஆரஞ்சு மிட்டாய் வாசம் எழுந்தது. இனிப்பான, கெட்டியான, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற வாசம். விளக்கொளியில் சிரிஞ்சு தேன் நிறமாக நிரம்பியது. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள். குழாயின் மூடியைத் தூக்கினாள்.

கை எழுந்தது.

அவள் அதைப் பிடிக்கப் போனாள்.

"சிஸ்டர், இப்போ உங்க பக்கத்துல வரப் போறேன். சரியா?"

மானிட்டரிலிருந்து வந்த குரல் அல்ல. தலைமாட்டில் அதன் சிறு பச்சை விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. குரல் அறைக்குள்ளேயே இருந்தது. கதவுப் பக்கம். இல்லை, அதைவிட நெருக்கமாக.

அவள் குரல். தோழிகள் கேலி செய்த குரல். அவள் மெல்ல மெல்ல விட்டுவிட்ட பேச்செல்லாம், அவள் இல்லாமலே வேலை பார்த்துப் பழகியிருந்தது.

காத்திருந்தது. ஒரு மூச்சு. அந்த நேரத்தின் நீளம் அவளுக்குத் தெரியும். பதில் வராவிட்டால் எப்போது தொடரலாம் என்றும் தெரியும். அதற்குள் சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

தரையில் ரப்பர் காலணியின் மெல்லிய கிறீச்.

"உங்க கையிலேருந்து சிரிஞ்சை வாங்கிக்கப் போறேன். சரியா?"

வேண்டாம். வேண்டாம். வேண்டாம். நெஞ்சுக்குள் அந்தச் சொல் மோதிக்கொண்டது. தொண்டையில் அதற்கு வழியில்லை. ஒரு மூச்சு முடிந்தது. அவள் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. கட்டைவிரல் முதலில். வலிக்கவே இல்லை. இவ்வளவு மென்மையாக அவளை யாரும் தொட்டதில்லை.

"இப்போ உங்களை உட்கார வைக்கப் போறேன். சரியா?"

முழங்கால்கள் மடிந்தன. நாற்காலி முதுகில் பட்டது. அவளால் அசைக்க முடிந்தது ஒன்றே ஒன்று. இடது கை. அதை உயர்த்தினாள். முகத்துக்கு நேராக. உள்ளங்கை வெளியே தெரிய.

பின்னால் ஒரு சிறு பெருமூச்சு.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது."

கை இறக்கப்பட்டது. சோப்பு வாசம் மாறாத துணி ஒன்று அவளைச் சுற்றி வந்தது. அதன் ஓரம் நாற்காலி இருக்கைக்கு அடியில் செருகப்பட்டது. ஒரு பக்கம். மறு பக்கம். இறுக்கமாக. சுருக்கமே இல்லாமல்.

"இப்போ மருந்து குடுக்கப் போறேன். சரியா?"

ஒரு மூச்சு.

"வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லலையே."

அவள் மூக்கில் குழாய் எதுவும் இல்லை. ஆனாலும் அது இறங்கியது. மூக்கின் பின்புறத்திலிருந்து, தொண்டைச் சுவரை ஒட்டி, சில்லென்று. ஆரஞ்சு. துப்ப முடியாது. விழுங்காமல் இருக்கவும் முடியாது. இரண்டு மடங்கு.

கட்டிலில் பெரியவர் தலையைத் திருப்பினார். இதுவரை அவர் அதைச் செய்து அவள் பார்த்ததில்லை. அவர் கண்கள் அவள் முகத்தில் நிலைத்தன. பிறகு மேலே போயின. இடது கை எழுந்தது. முழங்கை நிமிர, மணிக்கட்டு நடுங்க, இருந்த வலுவையெல்லாம் கூட்டி. உள்ளங்கை இம்முறை அவளுக்கு எதிராக இல்லை. அவளுக்குப் பின்னால் நின்றதற்கு எதிராக. விசில் போல அந்த ஒலி கிளம்பியது. நிறுத்து. நிறுத்து. அவளுக்காக.

கதவு ஒரு சாண் திறந்தது.

"சிஸ்டர், ப்ளீஸ்..." மகன் குரல். நாற்காலியின் முதுகும் போர்வையும்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். "இன்னும் சத்தம் போடறாரே."

அவள் உதடுகள் அசையவில்லை.

"இதோ சார், குடுத்தாச்சு. இனிமே தூங்கிடுவாங்க" என்றது அவள் குரல்.

"தேங்க்ஸ் சிஸ்டர்."

கதவு மெதுவாக, மிகக் கவனமாகச் சாத்தப்பட்டது.

அவளுக்கு மூச்சு இழுக்க வேண்டும் என்பது மறந்துபோகத் தொடங்கியது. ஒன்று இழுத்தாள். அடுத்தது தூரத்தில் இருந்தது. காதோரம் குரல் குனிந்தது. பொறுமையாக. அன்பாக.

"இப்போ உங்க கண்ணை மூடப் போறேன், சிஸ்டர். சரியா?"

காத்திருந்தது.

இமைகளின் மேல் இரண்டு விரல்நுனிகள் வந்து அமர்ந்தன. அவற்றின் இடைவெளியில் அவளுக்குத் தெரிந்தது அந்தக் கை மட்டுமே. ஒட்ட வெட்டிய ஐந்து நகங்களோடு, விளக்கொளியில் நடுங்கியபடி, இறங்க மறுத்து உயர்ந்து நின்ற கை.